ஆலாத்தியும் ஈலியமும்

ஈலியத்தை எங்கே வைப்பது என்று கேட்டால் என் வகுப்பில் பாதிப் பேர் பிழையாகத்தான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆவர்த்தன அட்டவணையில் ஒரு மூலகத்தின் கடைசிச் சக்தி மட்டத்தில் எத்தனை இலத்திரன்கள் இருக்கின்றன என்று பார்த்தால், அது எந்தக் கூட்டத்தில் உட்காரும் என்று சொல்லிவிடலாம் என நான்தான் முதல் நாள் படிப்பித்திருப்பேன். ஈலியத்துக்கு இரண்டு இலத்திரன்கள். அப்படியானால் இரண்டாம் கூட்டம், பெரிலியத்துக்கு மேலே. பிள்ளைகள் அங்கேதான் எழுதுவார்கள். நான் டஸ்டரை எடுத்து அதை அழித்துவிட்டு, கரும்பலகையின் மறு கோடிக்கு நடந்துபோய், பதினெட்டாம் கூட்டத்தின் உச்சியில் அதை எழுதுவேன். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், குணத்தைப் பாருங்கள் என்பேன்.

பதுளையில் ஒரு பாடசாலையில் பதினேழு வருடமாக இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எனக்கு அந்தப் பதினெட்டாம் கூட்டத்தை ரொம்பப் பிடிக்கும். ஈலியம், நியோன், ஆகன், கிரிப்தன், செனன், இரேடன். விழுமிய வாயுக்கள் என்று புத்தகம் அவற்றுக்கு மரியாதையான பெயர் கொடுத்திருக்கிறது. சோடியம் தன்னிடமுள்ள ஒரு இலத்திரனை யார் தலையிலாவது கட்டிவிட அலையும். குளோரீன் ஒன்றைப் பறித்துக்கொள்ளத் துடிக்கும். இந்த ஆறும் அப்படி இல்லை. வேண்டியது எல்லாம் தன்னிடமே இருக்கிறது, யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. எனக்கு ஏன் அவற்றைப் பிடித்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் தொங்கல் காம்பராவில், கடைசி அறையில், பிறந்தவள் நான். அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதுளை டவுனில் இரண்டு அறை வீடு, என் சமையல், என் புத்தகம், என் கதவு, என் பூட்டு. எனக்கு மூக்கின் மேல் கோபம். வாயும் கொஞ்சம் நீளம். சக ஆசிரியர்கள் என்னிடம் அளவோடுதான் பேசுவார்கள், அதையும் நான் என் பெருமையில் சேர்த்துக்கொள்வேன்.

முதன்முதலில் மூலகங்களை வரிசைப்படுத்தியபோது இந்த வாயுக்களுக்கு இடமே இருக்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் கண்ணை விரிப்பார்கள். ஒரு இடம் இரண்டு இடம் அல்ல, ஒரு முழு நிரலே காணாமல் இருந்தது. நாம் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் ஆகன் கொஞ்சம் உள்ளே போய், ஒன்றும் செய்யாமல் திரும்பி வருகிறது. எதனோடும் சேராததால் அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. பிறகு கண்டுபிடித்தபோது அட்டவணையின் ஓரத்தில் புதிதாக ஒரு நிரலையே சேர்க்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் சொல்வேன். ஐதரசன் முதலாம் இலக்கம், ஈலியம் இரண்டாம் இலக்கம். எண்ணினால் பக்கத்துப் பக்கத்து வீடு. அட்டவணையிலோ ஒன்று இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி. இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை. இரண்டும் காற்றைவிட இலேசு, இரண்டும் பலூனை மேலே தூக்கும். ஒன்று நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும், மற்றது பேசாமல் இருக்கும். பார்த்து எது எது என்று எந்தப் பேராசிரியராலும் சொல்ல முடியாது, சோதித்துத்தான் அறிய வேண்டும். இதை வருடா வருடம் சொல்கிறவள் நான். சொன்னதை நானே மறந்துபோன ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அந்தத் தொங்கல் காம்பராவும் அண்ணனும்தான். அண்ணன் எனக்கு ஆறு வயது மூத்தவர். தேயிலை பதப்படுத்துகிற ஸ்டோரில் அடுப்பு வேலை. கொழுந்தைக் காயவைக்கிற எந்திரத்துக்குச் சூடு கொடுக்கிற பெரிய அடுப்பில் விறகு போடுவதும், சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. சிரித்தபடியே வேலை செய்வார், கோபம் வந்தால் லயமே கேட்கக் கத்துவார், பத்து நிமிடத்தில் எல்லாம் மறந்து போகும். நான் போனால் வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "என்னடி இளச்சுப் போயிட்ட? அந்த டவுன்ல சோறு ஆக்குறியா இல்ல புத்தகத்த அவிச்சுத் திங்கிறியா?" என்பார். நான் அடுப்படியில் விறகுக்கட்டு மேல் உட்கார்ந்து அண்ணியிடம் ரொட்டி வாங்கித் தின்பேன்.

அவர் மகள், எங்கள் வீட்டின் ஒரே பெண் பிள்ளை, பெரிய பிள்ளையானாள். சடங்குக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்துச் சடங்கில் தாய்மாமன் சீர் ஒரு பெரிய விஷயம் என்றால், அத்தை ஆலாத்தி எடுப்பது அதற்குக் குறையாத விஷயம். அப்பாவின் கூடப்பிறந்தவள் தட்டைக் கையில் வாங்கி மூன்று முறை சுற்றினால்தான் பிள்ளைக்குக் கண்ணேறு கழியும். அந்தத் தட்டை அத்தை வாங்க மறுத்தாலோ, நடுவில் கீழே வைத்தாலோ, உறவு வேண்டாம் என்று சபையில் சொன்ன மாதிரி. இதைக் காரணமாக வைத்து இருபது வருடம் பேசாமலிருந்த குடும்பங்களை எனக்கே தெரியும். அண்ணன் ஒரு மாதத்துக்கு முன்பே போன் பண்ணி, "நீதான் அத்தக்காரி. பரீட்ச, பேப்பர் திருத்துறதுன்னு கத சொன்ன, நடக்கிறதே வேற" என்று மிரட்டியிருந்தார்.

அன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டேன். லயத்துக்கு முன்னாலுள்ள வெளியில் படங்கு கட்டிப் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு, ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பிள்ளையை உட்கார வைக்கிற நாற்காலிக்குப் பின்னால் பலூன் வளைவு. இளஞ்சிவப்பும் வெள்ளையும். சாதாரணமாக ஊதிக் கட்டிய பலூன் அல்ல. நூலை இழுத்துக்கொண்டு மேலே எழும்பி நிற்கிற பலூன்கள். சிலது படங்கில் முட்டிக்கொண்டு ஆடின.

அந்தப் பலூன்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். டவுனில் பலூன்காரர்கள் சிலர் எப்படி கேஸ் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஒரு இரும்புச் சிலிண்டருக்குள் காரத்தைக் கரைத்து, அலுமினியத் துண்டுகளைப் போட்டால் ஐதரசன் வரும். செலவே இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்த்திருவிழாவில், அப்படி அடைத்த பலூன் கொத்து ஒன்று கற்பூரச் சட்டிக்குப் பக்கத்தில் போய், ஒரே நொடியில் தீப்பிழம்பாகி, ஒரு பெண்ணின் புருவமும் முன்முடியும் பொசுங்கியதை என் கண்ணால் கண்டேன். அந்த முடி கருகிய வாடை இன்றைக்கும் மறக்கவில்லை.

அடுப்படிக்குப் போய் அண்ணியைக் கேட்டேன். "அண்ணி, அந்த பலூனுக்கு என்ன கேஸ் அடிச்சாங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஒங்க அண்ணன்தான் விடியக்காலம் எந்திரிச்சுப் போயி கொண்டாந்தாரு. என்னமோ கேஸாம்" என்றார் அண்ணி, தேங்காய் துருவிக்கொண்டே.

அண்ணன் வெளியே பத்தடி தூரத்தில் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, அவருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். எங்கள் ஆட்கள் எதையும் மலிவாகத்தான் எடுப்பார்கள், கடைக்காரன் எதைக் கொடுத்தாலும் தலையாட்டிவிட்டு வருவார்கள் என்பது என் எண்ணம். அந்த நேரத்தில் அதை எண்ணம் என்றுகூட நான் நினைக்கவில்லை, உண்மை என்றே நினைத்தேன். ஆலாத்தி எடுக்கும்போது வளைவை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வோம், சமாளித்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மேல் நல்ல நேரம். பிள்ளை பட்டுப் புடவையும் மாலையுமாக வந்து உட்கார்ந்தாள். நலங்கு வைத்து, தாய்மாமன் சீர் இறக்கி, எல்லாம் முடிந்து, "அத்தக்காரி எங்க, அத்தக்காரிய கூப்புடுங்க" என்று பெண்கள் குரல் கொடுத்தார்கள். தட்டை என் கையில் தந்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவந்த தண்ணீர், மேலே வெற்றிலை, வெற்றிலை மேல் கற்பூரம். யாரோ பற்றவைத்தார்கள். தள்ளி நிற்கலாம் என்று நான் போட்ட கணக்கு அப்போதே தவறிப்போனது. பின்னால் பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், முன்னால் பிள்ளையின் முழங்கால். முதல் சுற்றுச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் மலைக்காற்று ஒன்று படங்கைத் தூக்கி அடித்தது. வளைவின் ஒரு பக்கத்து நூல் அவிழ்ந்து, ஏழெட்டுப் பலூன்கள் கொத்தாகச் சாய்ந்து என் தட்டுக்கு நேரே வந்தன.

ஊதிவிட்டேன். ஒரே ஊது. கற்பூரம் அணைந்து புகை வந்தது.

ஆலாத்திக் கற்பூரத்தை வாயால் ஊதி அணைப்பது என்றால் என்ன என்று எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். சும்மா வீட்டு விளக்கையே வாயால் ஊத மாட்டோம். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் "ஐயையோ" என்றார்கள். அந்த மட்டிலாவது நான் நிறுத்தியிருக்கலாம். தட்டைத் தரையில் வைத்துவிட்டு, பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பி, கத்தத் தொடங்கினேன்.

"யாரும் கிட்ட வராதீங்க! இது ஐதரசன். நெருப்புப் பட்டா வெடிக்கும். புள்ள மூஞ்சி போயிரும்! கொஞ்சமாவது அறிவு வேணாமா? மலிவா கெடைக்குதுன்னா எதையும் வாங்கிட்டு வந்து புள்ள தலைக்கு மேல கட்டிருவீங்களா?"

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோளில் துண்டு, முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்க்கவில்லை. அவிழ்ந்த கொத்திலிருந்து ஒரு பலூனை நூலோடு பிடுங்கிக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாகத் தேயிலைச் செடிகள் தொடங்குகிற இடத்துக்கு நடந்தார். சட்டைப் பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார். "அண்ணே, வேணாம்ணே!" என்று நான் அலறியது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

குச்சியைக் கிழித்துப் பலூனில் வைத்தார். டப் என்றது. அவ்வளவுதான். ஐதரசனைச் சோதிக்கும்போது வருகிற சத்தம் பாடசாலையில் பிரசித்தம், ஆனால் எந்தப் பலூன் உடைந்தாலும் சத்தம் வரத்தான் செய்யும். நான் பார்த்தது தீயை. தீ வரவில்லை. நூல் நுனியில் ஒரு ரப்பர்த் துண்டு தொங்கியது, குச்சிகூட அணைந்துபோய்விட்டது. அண்ணன் திரும்பி வந்து இன்னொன்றை எடுத்துப் போனார். டப். மூன்றாவது. டப். ஒன்றும் நடக்கவில்லை. அது ஈலியம்.

"எரியாது" என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். பானையைப் பார்க்கப் போய்விட்டார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளை அழுது கண் மை கன்னத்தில் வழிந்தது. அண்ணி அவளைத் துடைத்துவிட்டு மறுபடி உட்கார வைத்தார். பக்கத்து லயத்தில் அத்தை முறையாகிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, புதுக் கற்பூரம் வைத்து, ஆலாத்தியை அவள் கையால் எடுக்க வைத்தார்கள். நான் தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. கிளம்பும்போது அண்ணன் வந்தார். "சாப்புட்டுட்டுப் போங்க டீச்சர்" என்றார்.

அதற்குப் பிறகு நான் போன ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அண்ணன் எழுந்து நின்று வரவேற்பார். கதிரையைத் துண்டால் துடைத்துப் போடுவார். தட்டில் பிஸ்கட் வரும், பீங்கான் கோப்பையில் தேநீர் வரும், வெளியாட்கள் வந்தால் மட்டும் அலுமாரியிலிருந்து எடுக்கிற கோப்பை. "ஸ்கூல் எல்லாம் எப்புடிப் போகுதுங்க?" என்பார். நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பார். பஸ் நேரம் வந்ததும் "பாத்துப் போங்க" என்பார். அண்ணி முதலில் இரண்டு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், பிறகு பேசத் தொடங்கிவிட்டார். மருமகள் ஒரு வாரத்திலேயே போனில் "அத்தை, நீங்க ஊதுன வீடியோ எங்கிட்ட இருக்கு" என்று சிரித்தாள். அண்ணன் மட்டும் அசையவில்லை.

மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. "அதுல என்னங்க இருக்கு? படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதைக் கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்த முகத்தோடு சொன்னார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பதுளை வரும்வரை அழுதேன். கடைசியாக எனக்கென்று இருக்கிற ஒரு ஆளையும் நான் என் வாயாலேயே தொலைத்துவிட்டேன் என்று பயமாக இருந்தது. யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை என்று திரிந்த எனக்கு, அந்த விறகுக்கட்டு மேல் உட்கார இடம் கிடைக்காதா என்று இருந்தது.

அடுத்த தவணையில் உயர்தர வகுப்புக்கு மறுபடி அதே பாடம் வந்தது. விழுமிய வாயுக்கள் எதனோடும் தாக்கமுறாது என்பது முழு உண்மை இல்லை என்று உயர்தரத்தில்தான் சொல்வோம். செனன் பெரிய அணு. அதன் வெளி இலத்திரன்கள் கருவிலிருந்து தூரத்தில் இருக்கின்றன, பிடி கொஞ்சம் தளர்வு. அதனால் புளோரீன் மாதிரி மூர்க்கமான ஒன்று வந்து இழுத்தால் செனன் சேர்ந்துவிடும். ஒரு மாணவி கேட்டாள், "அப்ப ஈலியம், டீச்சர்?" ஈலியத்தின் இரண்டு இலத்திரன்களும் கருவுக்கு மிகவும் கிட்ட இருக்கின்றன, ஆய்வுகூடத்தில் நாம் செய்கிற எதற்கும் அது அசையாது என்றேன். சொல்லிவிட்டு, அடுத்த வரியை எழுத மறந்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் டீச்சருக்குத் தலைசுற்றல் என்று நினைத்துக் கதிரை கொண்டுவந்தார்கள்.

இனிச் சும்மா இருக்க முடியாது, ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தபோது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் உட்கார்ந்து, விறகு வெட்டுகிற கோடாரிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல எழுந்தார், துண்டை எடுத்தார். கதிரையில் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்குப் புள்ளைக்கு நான் ஆலாத்தி எடுக்கல. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. பதுளையில ஒரு மண்டபம் பேசிருக்கேன். எல்லாம் என் பொறுப்பு. டெக்கரேஷன்காரங்களே வந்து நல்லபடியா செஞ்சு குடுத்துருவாங்க. புள்ளைக்குத் திரும்ப ஒருக்கா முறையா செய்வோம்."

அரம் நின்றது. அண்ணன் கோடாரியைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் தொடங்கினார்.

"முறையா செய்யணுமா?"

நான் ஒன்றும் புரியாமல் தலையாட்டினேன்.

"அப்ப இங்க நடந்தது முறையில்லயா? ஏன்டி, எங்க வூட்டுச் சடங்கு ஒனக்குச் சடங்கா தெரியலயா? மண்டபம் வேணுமோ, மண்டபம்! நூறு பேருக்கு முன்னால என்னய அறிவில்லாதவன், மலிவுக்கு வாங்குறவன்னு சொன்னியே. அதுக்கு ஒன் மண்டபத்துல பதில் இருக்கா?"

குரல் லயத்தின் மறு கோடி வரை போயிருக்கும். பக்கத்துக் காம்பராக் கதவு திறந்தது. அண்ணி கையில் கரண்டியோடு ஓடிவந்தார். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார். சடங்கு நாளுக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"கற்பூரத்த ஊதுன, அது போகட்டும். பயத்துல ஊதிட்ட, எனக்குத் தெரியும். அதுக்கு நான் ஒரு நாளும் கோவப்படல. நான் பத்தடி தள்ளி சோத்துப் பானையோட நிக்கிறேன். அண்ணே, இது என்ன கேஸுன்னு ஒரு வார்த்த கேட்டியா? கேட்டியாடி? அண்ணிகிட்ட கேக்கத் தெரிஞ்சுச்சு. என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேக்கலண்ணே."

"அதான் ஏன்?"

பொய் சொல்லச் சில வழிகள் இருந்தன. அவசரம், மறந்துபோனேன், வேலையாக இருந்தீர்கள். நாக்கு நுனிவரை வந்தன. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவற்றை விட்டுவிட்டேன். "ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சேன்" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்குக் கூசியது. அண்ணி "ச்சே" என்றார், எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. அண்ணன் கோடாரிக் காம்பைக் காலால் தள்ளினார்.

"இருவது வருசமா நெருப்புக்கு முன்னால நிக்கிறவன்டி நான்" என்றார். "எது எரியும், எது எரியாதுன்னு கேக்காம ஒரு பொருள என் வூட்டுக்குள்ள கொண்டாருவனா?"

நான் கதிரையை விட்டு இறங்கி, இஸ்தோப்புத் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். "இப்பக் கேக்குறேன்ணே. எங்க வாங்குனீங்க? என்ன சொல்லிக் கேட்டீங்க?"

முதலில் "ஒன்னும் வேணாம், எந்திரி" என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். சொல்லும்போதும் கோபம் குறையவில்லை, என்னைத் திட்டிக்கொண்டேதான் சொன்னார். சடங்குக்கு முதல் வாரம் பதுளைக்குப் போயிருக்கிறார். ஒரு கடையில் பறக்கிற பலூன் இருந்ததாம். "இதுல ஒரு குச்சி கிழிச்சுக் காட்டுங்கன்னேன். கடக்காரன் பதறிட்டான். போய்யா, கடைய கொளுத்தப் பாக்குறியான்னான். அப்பவே எனக்கு வெளங்கிருச்சு." அடுத்த கடையிலும் அதே கதை. பிறகு யாரோ சொல்லி பண்டாரவளைக்குப் போயிருக்கிறார். அங்கே சோடனை செய்கிற ஒரு ஆள், அண்ணன் கேட்டதும் தானே லைட்டரை எடுத்து ஒரு பலூனில் வைத்துக் காட்டியிருக்கிறார். "அது பேரு என்னமோ சொன்னாப்ல. எனக்கு வாய்ல நிக்கல. எரியாத கேஸுன்னே நானும் சொல்லிட்டு வந்தேன்."

அந்த கேஸ் ஒரு நாளுக்கு மேல் நிற்காது, முதல் நாளே வாங்கி வைக்க முடியாது என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அதனால்தான் சடங்கு அன்று விடியக் கிளம்பியிருக்கிறார். கொண்டுவர ஒன்றும் தோன்றாமல், வீட்டில் படுக்கைக்குக் கட்டுகிற நுளம்பு வலையை எடுத்துப்போய் அதற்குள் ஐம்பது பலூன்களையும் அடைத்திருக்கிறார். பஸ் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். ஒரு த்ரீவீலைப் பிடித்து, வலையை மடியில் அமுக்கிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தெரிய வந்திருக்கிறார். "ரோட்டுல எல்லாப் பயலும் சிரிக்கிறான்" என்றார். அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. "இவ்வளவு அலஞ்சதுக்குச் சும்மா வாயால ஊதுன பலூனக் கட்டிருக்கலாமேண்ணே?" என்றேன்.

"புள்ள பறக்குற பலூன் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அவ ஆசப்பட்டுக் கேட்டது அது ஒன்னுதான்" என்றார். பிறகு அரத்தைக் கையில் எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆலாத்தி எடுக்கப்போறது நீ. புள்ளயாவது ஒக்காந்திருப்பா, நீ நெருப்பக் கையில வச்சிக்கிட்டுப் பலூனுக்கு நேரா நிப்ப. ஒனக்கு ஒன்னு ஆயிறக் கூடாதுன்னுதான்டி கட கடையா ஏறி எறங்குனேன்."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுகை நிற்கவே இல்லை.

"நடிக்காத. எந்திரிச்சுப் போயி மூஞ்சியக் கழுவு" என்றார் அண்ணன், கோபம் இன்னும் தீராமல்.